டட்லியும் ஞாயிறும்

ஞாயிறு இன்னும் ஓய்வு நாளாக இருக்க வேண்டுமா எனக் கேட்போர், டட்லி சேனநாயக்கவின் வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது நன்று.

1911 இல் பிறந்த அவர், இலங்கையின் முதற் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் மைந்தர். கல்கிசை சென் தோமஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். 1952 இல் பிரதமரானவர், அரிசி விலையால் மூண்ட 1953 ஹர்த்தாலில் உயிர்கள் பலியானதும் பதவி துறந்தார். மென்மையான மனிதர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கிறிஸ்தவக் கல்லூரியில் கற்ற அவரது அரசே 1966 இல் ஞாயிறு விடுமுறையை நீக்கி, போயா தினங்களை வார விடுமுறையாக்கியது.

நிலவு ஏழு நாள் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. சில வாரங்கள் எட்டு நாட்களாக நீண்டன. கிறிஸ்தவருக்கு ஆராதனை நாள் வேலை நாளாயிற்று. முஸ்லிம்களுக்கோ வெள்ளி அப்போதும் வேலை நாளே, போயா அதன்மேல் விழுந்தால் தவிர. ஜும்ஆ முடிந்ததும் தொழிலுக்குத் திரும்பலாம் என்னும் நெறியுடைய அவர்கள் அதற்காக வழக்காடவில்லை. வெளிநாட்டுக் கப்பல்களும் வங்கிகளும் பழைய வாரத்திலேயே இயங்கின. திருகோணமலை போன்ற துறைமுகத்துக்கு இது சிறு இடையூறன்று. ஞாயிறை ஒரு மதத்தின் சின்னமாக மட்டும் கண்டதே பிழை. அது அயலாரோடும் உலகோடும் பகிர்ந்துகொண்ட நாள்.

அதே திருகோணமலையில், கோணேசர் ஆலயச் சூழலைப் புனிதப் பிரதேசமாக்கும் முயற்சியை டட்லி நிறுத்தியதால், 1968 இல் அமைச்சர் மு. திருச்செல்வம் பதவி விலகினார். ஒரு சமயத்தின் நாளை நாடெங்கும் விரித்தவர், இன்னொரு சமயத்தின் இடத்துக்குத் துணைநிற்கத் தயங்கினார்.

1970 தேர்தலில் அவர் தோற்றார். 1971 இல் ஸ்ரீமாவோ அரசு ஞாயிறை மீட்டளித்தது. 1973 ஏப்ரலில் டட்லி மறைந்தபோது, அவரது வார ஒழுங்கில் பௌர்ணமி விடுமுறை மட்டுமே எஞ்சியிருந்தது.