நீர்மட்டம் கண்ட தலைவர்

எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சிறு கருவி ஒன்று உண்டு. அகன்ற குழல், குறுகிய குழல், வளைந்த குழல் எனப் பல குழல்கள் அடியில் இணைந்திருக்கும். எந்தக் குழலில் நீரை ஊற்றினாலும் எல்லாக் குழல்களிலும் மட்டம் ஒன்றாகிவிடும். முதலாண்டில் அதைக் கண்டபோது என் நினைவில் எழுந்தவர் விஞ்ஞானி அல்லர், பெருந்தலைவர் காமராசர்! காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், மழை குறைந்த விருதுபட்டியில் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் காமராசர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். ஆனால் கடைக்கு வெளியே எழுந்த விடுதலை முழக்கம் அந்த இளைஞரை இழுத்துக்கொண்டது. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தையொட்டிச் சிறை சென்றார். வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையிலே கழித்தார். 1940இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானார். 1954 ஏப்ரல் 13இல் முதலமைச்சரானார்.

அன்றைய கோவை மாவட்டத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆனைமலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டும். அந்த நீர் அரபிக்கடலை நோக்கி ஓடும். மலைக்குக் கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பகுதிகளிலோ கிணறுகள் வறண்டு கிடக்கும். ஒரு குழல் நிரம்பி வழிய, அடுத்த குழல் வெறுமையாய் நின்றது. நடுவே நின்றது மலை!

அந்த மலையைக் குடைந்து இரண்டையும் இணைத்ததே பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். அணைகளில் சில கேரள மண்ணில் அமைய வேண்டியிருந்தது. கேரளத்தில் அப்போது ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி. இங்கே காங்கிரசு ஆட்சி. கட்சி வேறுபாடு தண்ணீருக்குத் தடையாக நிற்கவில்லை. 1961 அக்டோபர் 7இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1970இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று ஏற்கப்பட்டது. கேரளத்தின் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் வழங்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். பெறுவோர் கொடுக்கவும் வேண்டும் என்பதுதானே நீதி?

நீர் செல்லும் வழியைக் கேளுங்கள். மேல் நீராற்று நீர் சுரங்கம் வழியே சோலையாறு அணையைச் சேர்கிறது. அங்கிருந்து பரம்பிக்குளம்; மீண்டும் சுரங்கம் வழியே தூணக்கடவு. தூணக்கடவும் பெருவாரிப்பள்ளமும் வெட்டுக் கால்வாயால் இணைந்திருப்பதால் இரு நீர்த்தேக்கங்களும் எங்கள் ஆய்வுக்கூடக் குழல்கள் போலவே இயங்குகின்றன! பிறகு சர்க்கார்பதி மின்நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டு, 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர் கால்வாய் வழியே திருமூர்த்தி அணையின் தாழ்ந்த மட்டத்தை உயர்த்துகிறது அந்நீர். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் நீரின் இயல்பே இங்குப் பொறியாளருக்குத் துணை.

நான் பிறந்து வளர்ந்தது அமராவதி நகர். எங்கள் ஊர் அணை, காமராசர் ஆட்சிக்காலத்தில் 1957இல் கட்டி முடிக்கப்பட்டது. முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 90 அடி. அதற்கு மண் சுமந்த கூலிகளுள் என் அப்பிச்சியும் ஒருவர். கூலி வாங்கும்போது கைநாட்டு வைத்தவர் அவர். என் தந்தை எட்டாம் வகுப்போடு நின்று, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எனக்கும் அங்கே இடம் பேசியாயிற்று; துணிப்பையும் கட்டியாயிற்று. புறப்படும் நாள் காலையில் தந்தை என்னைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் செல்லவில்லை. கல்லூரி வாயிலுக்கு அழைத்து வந்தார். அன்று ஒருநாள் சம்பளம் அவருக்குப் போயிற்று. துணிக்கடையோடு படிப்பை முடித்த ஒருவர், தம் பிள்ளைப் பருவம் பிறருக்கு வாய்க்கக் கூடாதென்று எண்ணி, 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியதும், பள்ளிக் கல்வியை இலவசமாக்கியதும் ஏன் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அறிவு நீர் தேங்கிய இடத்திலிருந்து வறண்ட குடிசைக்கு அவர் வெட்டிய கால்வாய் அது!

எல்லாம் நிறைவேறிவிட்டதா? இல்லை. திருமூர்த்தி அணைப் பாசனத்தில் 3.77 இலட்சம் ஏக்கர் நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிந்து இன்றும் முறைவைத்தே நீர் பெறுகிறது. கடைமடையில் இருப்பவர் கால்வாயைப் பார்த்தே காத்திருக்கிறார். கல்வியிலும் கடைமடைகள் உண்டு. என்னோடு பத்தாம் வகுப்பில் படித்தவர்களுள் சிலர் இன்று திருப்பூரில் பனியன் தைக்கிறார்கள்.

1963 அக்டோபர் 2இல் காமராசர் தாமே பதவி துறந்தார். 1975இல் அதே அக்டோபர் 2இல், காந்தியடிகள் பிறந்த நாளில், மறைந்தார். மணம் செய்துகொள்ளாதவர்; தமக்கென்று சொத்துச் சேர்க்காதவர். மறு ஆண்டு நாடு அவருக்குப் பாரத ரத்னா வழங்கிற்று.

தோழர்களே! பட்டம் பெறும் நாம் நிரம்பிய குழலாக மட்டும் நின்றுவிடலாமா? எங்கள் தெருவில் ஐந்து சிறுவர்க்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். சிறு மடைதான், ஆனாலும் திறந்த மடை.