மெக்குவீன் விட்டுட்டுப் போன கார்கள்

மெக்குவீன்னு சொன்னதும் நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் வர்றது கண்ணு, வாய் வெச்ச அந்தச் சிவப்பு கார்ட்டூன் கார்தான். அந்தப் பெயர் க்ளென் மெக்குவீன் என்ற பிக்சார் அனிமேட்டர் நினைவாக வைத்தது. நான் சொல்றது நடிகர் ஸ்டீவ் மெக்குவீன்.

1930-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் பிறந்தார். அப்பா கைக்குழந்தையிலேயே விட்டுட்டுப் போயிட்டார். அம்மாவின் மாமா பண்ணையில் வளர்ந்து, சீர்திருத்தப் பள்ளி, மரீன் படை எல்லாம் பார்த்து, கடைசியில் ஹாலிவுட். 1968-இல் வந்த 'புல்லிட்' படத்துக்கு ஒரே மாதிரி இரண்டு பச்சை மஸ்டாங். சான் பிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் அந்த சேஸ் இன்னும் பார்க்கலாம், சலிக்காது.

ஆனா அவருக்கு நடிப்பைவிட ரேஸ்தான் வெறி. 1970 செப்ரிங் 12 மணி நேர ரேஸில், இடது காலில் மாவுக்கட்டோடு, பீட்டர் ரெவ்ஸனுடன் சேர்ந்து இரண்டாம் இடம்! முதல் வந்த ஃபெராரிக்கும் இவங்க போர்ஷே 908-க்கும் அரை நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை.

அதே வருஷம் 'லே மான்' படம். நிஜ ரேஸிலேயே ஓட்டணும்னு ஆசைப்பட்டார், விடவில்லை. பதிலுக்கு அவர் கம்பெனியின் 908-இல் கேமரா மாட்டி வேற டிரைவர்களை ஓட்ட வைத்தார். போர்ஷே ஜெயிக்கிற கதைன்னு தெரிந்ததும் ஃபெராரி கார் தர மறுத்தது. விபத்துக் காட்சிகளில் நொறுங்குவது நிஜ போர்ஷேயோ ஃபெராரியோ இல்லை, மேலே வேற பாடி மாட்டிய லோலா டி70 கார்கள். ரிமோட்டில் ஓட்டினார்கள். நம்ம ரோபாட்டிக்ஸ் கிளப் கவனிக்க, அது 1970!

விலை பெரிசு. டைரக்டர் ஜான் ஸ்டர்ஜஸ் பாதியிலேயே கிளம்பிட்டார். ஷூட்டிங்கில் 917 ஓட்டிய டேவிட் பைப்பர் விபத்தில் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்தார். படம் ஓடவில்லை. மெக்குவீன் கல்யாணமும் 1972-இல் முறிந்தது. ஒரு படத்துக்கு இவ்வளவு தேவையான்னு எனக்குத் தோணும். ஆனா ரேஸ் காட்சி ஓட ஆரம்பிச்சா வாயை மூடிட்டுப் பார்ப்பேன்.

அந்தக் கார்கள் என்ன ஆச்சு? படத்தில் ஓடிய ஒரு 917, ஜோ சிஃபர்ட்டுடையது. 1971-இல் அவர் ரேஸில் இறந்தப்போ சுவிட்சர்லாந்தில் இறுதி ஊர்வலத்துக்கு முன்னால் போனது அந்தக் கார்தான். 2017 ஏலத்தில் அதன் விலை 1.4 கோடி டாலர். 'புல்லிட்' மஸ்டாங்கில் ஸ்டண்ட்டுக்கு அடிபட்ட வண்டி, பல வருஷம் கழித்து மெக்ஸிகோவில் காயலான் கடைச் சரக்காகக் கிடைத்தது. இன்னொன்று நியூ ஜெர்ஸியில் ஒரு குடும்பத்திடம் போய், தினசரி வண்டியாக ஓடியது. அதைத் திரும்பக் கேட்டு 1977-இல் மெக்குவீனே லெட்டர் போட்டார். அவங்க தரவில்லை.

1980 நவம்பரில், 50 வயதில், அஸ்பெஸ்டாஸோடு தொடர்புள்ள கேன்சருக்கு மெக்ஸிகோவில் ஆபரேஷன் செய்த கையோடு இறந்துபோனார். அந்த மஸ்டாங் 2020-இல் கமிஷன் சேர்த்து 37 லட்சம் டாலருக்கு மேல் போனது.