கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

கடிகாரம் ஓடுவதைக் காண்போர் பலர். அஃது எவ்வாறு ஓடுகிறது என்று திறந்து பார்ப்போர் சிலரே. நியூயார்க் நகரில் 1906ஆம் ஆண்டு பிறந்த கிரேஸ், ஏழாம் வயதிலேயே அச்சிலருள் ஒருவராய் விளங்கினார். வீட்டிலிருந்த அலாரக் கடிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துவிட்டார். அதனைக் கண்ட அன்னையார், இனி ஒரு கடிகாரத்தை மட்டுமே பிரிக்கலாம் என்று வரையறை செய்தார். முற்றிலும் தடுக்காதது உலகின் நற்பேறேயாம்.

கிரேஸ் கணிதத்தில் தேர்ந்து, 1934இல் ஏல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் ஆசிரியராய்ப் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போரின்போது, 1943இல், அமெரிக்கக் கடற்படையின் சேமப்படையில் சேர முன்வந்தார். உடல் எடை போதாதெனத் தடை எழுந்தது. விதிவிலக்குப் பெற்றுச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க்-1 என்னும் கணிப்பொறியில் பணிபுரிய அனுப்பப்பட்டார். 51 அடி நீளமுள்ள அப்பொறிக்குக் காகித நாடாவில் இட்ட துளைகளே கட்டளைகள். அதனை இயக்கும் முறையை விளக்கி, ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டதொரு நூலை அம்மையார் எழுதினார்.

அங்கே ஒரு நல்வழக்கம் இருந்தது. ஒருவர் பிழையின்றி எழுதி முடித்த கட்டளைப் பகுதியை மற்றவர் தம் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொள்வர். கொடுப்பதில் எவருக்கும் தயக்கமில்லை, ஆயின், படியெடுக்கும்போது எண்கள் மாறின, பிழைகள் புகுந்தன. 1949இல் யூனிவாக் கணிப்பொறியை உருவாக்கிவந்த நிறுவனத்தில் சேர்ந்த பின்னரும் இக்குறை அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. படியெடுக்கும் வேலையைப் பொறியிடமே ஒப்படைக்க எண்ணினார். 1952இல் அவர் அமைத்த தொகுப்பி அவ்வெண்ணத்தின் கனியாகும். வேண்டிய பகுதிகளைக் குறியீட்டால் சுட்டினால் போதும்; பொறியே அவற்றை எடுத்துக் கோத்து முழு நிரலாக்கித் தரும். கணிப்பொறி கணக்கிடுமேயன்றி நிரல் எழுதாது என்று பலர் மறுத்தனர். இயங்கிக் காட்டிய பின்னரும் நம்பாதோர் இருந்தனர்.

அம்மையார் சோர்ந்தாரல்லர். 1953இல் அவர் குழுவினர் செப்பஞ்செய்த ஏ-2 என்னும் தொகுப்பி, அதன் மூல நிரலோடு வாடிக்கையாளர்க்கு அளிக்கப்பட்டது. அதனைத் திறந்து பார்க்கலாம்; குறை கண்டால் திருத்தலாம்; திருத்தியதைத் திருப்பியனுப்புமாறும் வேண்டப்பட்டனர். திறந்த மூல மென்பொருள் என்னும் பெயர் தோன்றியது 1998இல்தான்; அம்முறையின் முன்னோடியாக ஏ-2வைச் சுட்டுவர்.

ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் மொழி ஒன்றையும் அவர் வகுத்தார். 1959இல் உருப்பெறத் தொடங்கிய கோபால் மொழிக்கு அது வழிகாட்டியாயிற்று. கடற்படையிலிருந்து 1986இல், 79ஆம் வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். சொற்பொழிவாற்றச் சென்ற இடங்களிலெல்லாம் ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கேட்போர்க்கு வழங்குவார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் மின்சைகை செல்லக்கூடிய தொலைவு அவ்வளவே என்பதைக் கையில் கொடுத்தே காட்டிய அம்மையார், 1992ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மறைந்தார்.