தலைமன்னார்க் கடலும் ஆழிக்குமரனும்

தலைமன்னாருக்கு இப்போது கடல் குளிக்கவும், மணல் திட்டுகளைப் பார்க்கவும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். நான் அடம்பனைச் சேர்ந்தவன். கட்டுக்கரைக்குளத்து நீரில் வயல் செய்யும் எங்கள் ஊரில், கடல் அருகிலிருந்தும் நீச்சல் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். போர்க்காலத்தில் கரைக்குப் போவதற்கே பயந்த தலைமுறை அது. அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை ஆழிக்குமரன் ஆனந்தனுடையது.

வல்வெட்டித்துறையில் 1943 மே 25 ஆம் திகதி பிறந்தவர் வி. எஸ். குமார் ஆனந்தன். அவர் சிறுவனாக இருந்தபோது, 1954 இல், தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திச் சென்றார். பாக்கு நீரிணையை மனிதன் நீந்திக் கடக்கலாம் என்பதை வடமராட்சி அன்றே கண்டுகொண்டது.

1966 இல் இந்திய வீரர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். ஐந்து ஆண்டுகளின் பின், 1971 இல், ஆனந்தன் அதற்கும் ஒரு படி மேலே போனார். தனுஷ்கோடிக்கு நீந்திப் போனதோடு நிற்காமல் மறுபடியும் இலங்கைக் கரைக்கு நீந்தி வந்தார். போக வர எடுத்த நேரம் 51 மணித்தியாலம். ஒரு வழித் தூரமே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மணல் திட்டுகளுக்கு இடையே நீரோட்டம் திசை மாறி இழுக்கும். நேர்கோட்டில் நீந்த முடியாது. அவர் போய்ச் சேர்ந்த தனுஷ்கோடியோ, 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்து கிடந்த ஊர்.

அதன் பிறகு சாதனையே அவர் தொழில் போலாயிற்று. 1979 டிசம்பரில் அநுராதபுரத்தில் 136 மணித்தியாலங்களுக்கு மேல் குத்துப் பந்தை ஓயாமல் குத்தினார். 1980 இல் கொழும்புச் சுதந்திரச் சதுக்கத்தில் 33 மணித்தியாலம் ஒற்றைக் காலில் நின்றார். கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் பலமுறை இடம்பெற்றது. இலங்கை அரசியலில் இனப் பிளவு முற்றிய ஆண்டுகள் அவை. அப்போதும் தமிழர், சிங்களவர் என்று பாராமல் மக்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

எஞ்சியிருந்த பெரிய ஆசை ஆங்கிலக் கால்வாய். அதன் ஒடுங்கிய இடமும் ஏறத்தாழ 33 கிலோமீற்றர்தான். தூரம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் கடல் வெதுவெதுப்பானது, அந்தக் கடல் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். குளிர் ஏற ஏற உடலின் சூடு இறங்கும், கைகால் சோரும், அறிவு மங்கும். 1984 ஆகஸ்ட் 6 ஆம் திகதி, அந்தக் கால்வாயை நீந்தும் முயற்சியிலேயே ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41.

1983 யூலைக் கலவரம் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலான கப்பல் சேவையும் அதே 1984 இல்தான் நின்றது. அவர் சாதனைக்காகக் கடந்த அதே நீரை, அதன் பின் எங்கள் சனம் உயிர் காக்கப் படகுகளில் கடந்தது. மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, குடிக்க நீரின்றிக் காத்திருந்தவர்கள் உண்டு. கரை சேராமல் போனவர்களும் உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரிந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஆனந்தனின் கதையைப் பெருமைக்கு மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது. இந்தக் கடல் எங்களுக்குப் பயமாகவும் துக்கமாகவும் மாறுவதற்கு முன், எங்களில் ஒருவர் அதில் 51 மணித்தியாலம் விரும்பி நீந்தியிருக்கிறார். மன்னாரின் பிள்ளைகளும் அந்த நீரில் பயமின்றி இறங்க வேண்டும். அதற்கு வெற்றிக் கிண்ணங்கள் தேவையில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் நீச்சல் கற்றுக்கொடுக்க ஒருவர் இருந்தால் போதும்.