காப்டன் டிரைப் துரையும் நிழலொளி வித்தையும்

உச்சிப்பொழுதில் நாமக்கல் மலைப்பாறையைப் படம்பிடிக்க முயன்றோர் ஓர் இடர்ப்பாட்டை அறிவர். வானத்திற்கு அளவாக ஒளியை விட்டால் மரநிழல் கரியாகிவிடும். நிழலுக்கு அளவாக விட்டால் வானம் வெற்று வெண்மையாகிவிடும். இந்நாளில் மாணவர் கணினியின்முன் அமர்ந்து, ஒளிமிக்க இடத்தைத் தணித்தும் இருள்மிக்க இடத்தை உயர்த்தியும் இக்குறையை ஒருவாறு நீக்கிக்கொள்கின்றனர். ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகட்கு முன்னர் இதே குறையோடு நம் சேலம் நாட்டிற் போராடிய ஒருவரது சரிதையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

லின்னேயஸ் டிரைப் என்பார் 1822-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டெவன் நாட்டிற் பிறந்தனர். 1839-ல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சேவையிற் புகுந்து, சென்னைப் படையில் உத்தியோகஸ்தராயினர். விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்தபோது, அந்நாளிற் புதிதாயிருந்த நிழற்படக் கலையைப் பயின்று, 1853-ல் இலண்டன் நிழற்படச் சங்கத்தில் அங்கத்தினராயினர். இந்தியா திரும்பியபின் ஹளேபீடு, பேலூர் ஆலயங்களைப் படமெடுத்தனர். 1855-ல் பர்மா மன்னனிடம் அனுப்பப்பட்ட தூதுக்குழுவுடன் சென்று, அந்நாட்டுக் காட்சிகளையும் பதிவுசெய்தனர். அதன்பின் சென்னை அரசாங்கத்தார் அவரைத் தம் நிழற்படக்காரராக நியமித்தனர்.

1857-ஆம் ஆண்டு இறுதியில் டிரைப் துரை தென்னாட்டுச் சுற்றுப்பயணந் தொடங்கினர். திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்ததோடு, சேலம் ஜில்லாவிற்கும் வந்தனர். இராயக்கோட்டையும் ஜில்லாவின் பிற இடங்களும் அடங்கிய படத்தொகுதி 1858-ல் தனி நூலாக வெளிவந்தது. அவ்வூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது.

அவர் பெரும்பாலும் கையாண்டது மெழுகூட்டிய காகித நெகடிவ். அதிற் பூசிய வெள்ளியுப்பு நீலவொளியை விரைந்து பற்றும். பச்சையைப் பற்றுவதோ அரிது. ஆதலின் நீலவானம் படத்தில் வெறும் வெள்ளையாயிற்று, பசுந்தழைகள் கருந்திட்டாயின. டிரைப் துரை தூரிகையெடுத்து, நெகடிவின்மீது வண்ணந் தீட்டினர். தீட்டிய இடத்தில் ஒளி குறைவாக ஊடுருவுதலின், அச்சில் அவ்விடம் வெளுக்கும். இவ்வாறே வானில் மேகங்களும், இருண்ட மரங்களில் இலைகளின் பொலிவும் தோன்றின.

இது உண்மைக்கு மாறன்றோ எனின், அவ்வினா தக்கதே. அம்மேகங்கள் வானம் தந்தவையல்ல, கை தந்தவை. நிழலில் மங்கலாகப் பதிந்ததை மேலெழுப்பலாம். அறவே பதியாததை எவ்வித்தையாலும் மீட்க இயலாது, புதிதாக வரையவே இயலும். கணினிக்கும் இவ்விதியே பொருந்தும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை டிரைப் துரை 21 படங்களாக எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தனர். அத்தகைய வேலையில் ஒளி எழுதாத எழுத்தைத் தூரிகை எழுதின், அது சாசனமாகாது. மேகத்திற்குப் பொறுக்கத்தக்கது கல்வெட்டிற்குப் பொறுக்கத்தகாதது.

1859-ல் சென்னைக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன் இப்பணியை வீண்செலவெனக் கருதி நிறுத்தினர். அதன்பின் டிரைப் துரை படமெடுத்தது மிகச் சிறிதே. 1902-ல் அவர் காலஞ்சென்றனர். நெடுங்காலம் பலர் அறியாதிருந்த அவர் படங்கள், 2014-ல் வாஷிங்டனிலும், 2015-ல் இலண்டனிலும் காட்சிக்கு வைக்கப்பெற்று உலகோர் மதிப்பைப் பெற்றன.

மாணவ நண்பர்காள்! படமெடுக்குங்கால் ஒளியை அளந்து விடுமின். பின்னர்த் திருத்துங்கால், மீட்டது எது, தீட்டியது எது என்பதை மறவாதிருமின்.