இருட்டைப் படம் பிடித்த பிராசாய்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



கல்யாண ஆல்பத்தில் ஒரு முகம் ரெண்டு முகமாகத் தெரிந்தால் உடனே போட்டோகிராபரைத் திட்டுகிறோம். கை ஆடிடுச்சு என்கிறோம். கண் இமைக்கும் நேரத்துக்கே இந்தக் கதி. அப்படியென்றால், நடு ராத்திரியில், தெரு விளக்கு வெளிச்சத்தை மட்டும் நம்பி, நிமிஷக் கணக்கில் கேமராவின் கண்ணைத் திறந்து வைத்தே படம் எடுத்த ஒரு மனிதர் என்ன பாடு பட்டிருப்பார்? அவர்தான் பிராசாய்.

உண்மைப் பெயர் ஜூலா ஹலாஸ். 1899 செப்டம்பர் 9-ம் தேதி பிராஷோ என்ற மலை ஊரில் பிறந்தார். அப்போது அது ஹங்கேரியில் இருந்தது, இப்போது ருமேனியாவில் இருக்கிறது. பிராசாய் என்றால் பிராஷோக்காரர், அவ்வளவுதான். நம்ம பக்கத்தில் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வோமே, அந்த மாதிரி. அப்பா பிரெஞ்சு இலக்கியம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். (எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் இதைப் படித்ததும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது!) ஆனால் பேராசிரியர் மகன் என்பதால் வாழ்க்கை லேசாகப் போய்விடவில்லை. முதல் உலகப் போரில் குதிரைப் படையில் இருந்தார். புடாபெஸ்டிலும் பெர்லினிலும் ஓவியம் படித்தார். 1924-ல் பாரீஸுக்கு வந்து, பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதி வயிறு கழுவினார்.

முப்பது வயது வரைக்கும் இவருக்கு போட்டோ என்றாலே இளக்காரம். ஓவியனுக்கு எதுக்கு இந்த மிஷின் வேலை என்ற நினைப்பு. ஆனால் ராத்திரி ராத்திரியாக பாரீஸ் தெருக்களில் சுற்றுவது இவர் பழக்கம். மூடுபனியில் பாலங்கள், ஈரத் தரையில் பளபளக்கும் விளக்கு, ஆளில்லாத படிக்கட்டு... பார்த்ததை எல்லாம் எப்படி வைத்துக்கொள்வது? வரைந்து மாளாது. இவருடைய நண்பர் ஆந்த்ரே கெர்டெஸும் ஹங்கேரிக்காரர், பெரிய போட்டோகிராபர். ராத்திரியிலும் படம் எடுக்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தார். முதலில் இரவல் கேமரா. பிறகு சொந்தமாக ஒரு ஃபோக்ட்லாண்டர் வாங்கினார். அதில் ஃபிலிம் சுருள் கிடையாது. ஆறரைக்கு ஒன்பது சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுதான். தகடு கனம், விலையும் உண்டு. ஒன்று கெட்டால் கெட்டதுதான்.

இங்கேதான் நம்ம டிப்பார்ட்மென்ட் விஷயம் வருகிறது. அந்தக் காலத் தகடு ரொம்ப மந்தம், இருட்டில் படம் பதிய நிமிஷங்கள் ஆகும். முக்காலியில் கேமராவை நிறுத்தியாச்சு, சரி. ஷட்டரை யார் அமுக்குவது? விரலை வைத்து அமுக்கினால் முக்காலியோடு சேர்ந்து கேமரா துள்ளும். விரலை எடுக்காமல் அமுக்கிப் பிடித்தால் நம்ம நாடித் துடிப்பே லென்ஸ் வரைக்கும் போகும். இருட்டுச் சுவருக்கு அந்த ஒரு நொடி ஆட்டம் பெரிசாகத் தெரியாது. ஆனால் தெரு விளக்கு சும்மா விடாது. அந்த ஒரு நொடியிலேயே புழு மாதிரி ஒரு கோடு போட்டுவிடும்.

இதற்கு மருந்துதான் கேபிள் ரிலீஸ். உங்க சைக்கிளில் பிரேக் ஒயர் இருக்கிறதே, அதனுடைய தம்பி. வெளியே வளையக்கூடிய ஒரு உறை, உள்ளே ஒரு கம்பி. பிரேக்கில் கம்பியை இழுக்கிறோம், இதில் தள்ளுகிறோம். கம்பியின் முனை ஊசி மாதிரி வந்து ஷட்டரைத் தட்டிவிடும். நம்ம கை கேமராவைத் தொடவே தொடாது. ஆனால் ஒன்று, கேபிளை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் கை ஆட்டம் அப்படியே போய்ச் சேரும், தொளதொளவென்று தொங்கவிட வேண்டும். அந்த மாதிரி ஷட்டரில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு தட்டில் திறந்துகொள்ளும், அடுத்த தட்டில்தான் மூடும். நடுவில் ஆள் சும்மா நிற்கலாம்.

சும்மா நின்ற நேரத்தை பிராசாய் எதை வைத்து அளந்தார் தெரியுமா? சிகரெட்டை வைத்து! கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் ஒரு கோலுவாஸ் சிகரெட் எரிந்து தீரும் நேரம். இன்னும் இருட்டென்றால் பொயார் என்ற தடித்த சிகரெட், அது மெதுவாக எரியும். (சிகரெட்டை நான் சிபாரிசு செய்யவில்லை, கணக்கை மட்டும் பாருங்கள்.) விளக்கு நேராக லென்ஸில் அடித்தால் படம் பாழ் என்பதால், அதை மரத்துக்கோ சுவருக்கோ பின்னால் மறைகிற மாதிரி நின்றார். மற்றவர்கள் வீட்டுக்கு ஓடும் பனியும் மழையும் இவருக்குக் கொண்டாட்டம். வெளிச்சத்தை அவை பரப்பிக் கொடுத்துவிடும்.

இப்படிச் சேர்ந்த படங்களில் அறுபதுக்கு மேல் தேர்ந்தெடுத்து 1932 கடைசியில் 'இரவில் பாரீஸ்' என்ற புத்தகம் வந்தது. ஒரே புத்தகத்தில் பெயர் நின்றுவிட்டது. பிக்காஸோவின் சிற்பங்களைப் படமெடுக்கவும் இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

சாராயக் கடை, நடன விடுதி உள்ளே எடுக்கும்போது கதை வேறு. அங்கே மனுஷங்க அசைவார்கள், நிமிஷக்கணக்கில் திறந்து வைக்க முடியாது. மெக்னீசியம் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் போட்டார். டமாரென்று சத்தம், அறை முழுக்கப் புகை! பிக்காஸோ இவருக்கு பயங்கரவாதி என்றே பட்டப் பெயர் வைத்துவிட்டார். அந்தப் படங்களில் சிலவற்றுக்கு ஆட்களை நிற்க வைத்து, அசையாதே என்று சொல்லித்தான் எடுத்திருக்கிறார். இது ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கருவியோடு வேறு வழி கிடையாது. எனக்கு என்னவோ ஆளில்லாத தெருப் படங்கள்தான் உசத்தி.

1940-ல் ஜெர்மன் படை பாரீஸைப் பிடித்தது. வீதியில் படம் எடுக்க அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். இவர் போய்க் கேட்கவில்லை. வருமானம் போனாலும் போகட்டும் என்று கேமராவை ஓரம் வைத்துவிட்டு மறுபடி பென்சிலை எடுத்தார். போர் முடிந்து 1948-ல் கல்யாணம், 1949-ல் பிரெஞ்சுக் குடியுரிமை. எடுத்த ஒரு குறும்படத்துக்கு 1956-ல் கான் திரைப்பட விழாவில் பரிசு. சுவர்களில் ஜனங்கள் கீறி வைத்த கிறுக்கல்களையும் வருஷக்கணக்காகப் படமெடுத்துப் புத்தகமாக்கினார்.

முதல் புத்தகத்தில் போட முடியாமல், அடக்கி வைத்திருந்த இரவுப் படங்கள் பல 1976-ல்தான் வெளியே வந்தன. எடுத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1984 ஜூலையில் இறந்தார். பாரீஸில் மோன்பர்னாஸ் கல்லறையில் புதைத்தார்கள்.

தன்னையே எடுத்துக்கொண்ட ஒரு படம் இருக்கிறது. கிடைத்தால் பாருங்கள். ராத்திரி, வெறிச்சோடிய சாலை, முக்காலி மேல் அந்தக் கேமரா. பக்கத்தில் கோட்டும் தொப்பியுமாக பிராசாய், வாயில் சிகரெட்.