முயல் கதை எழுதியவர் காளான் தேடிய கதை

1892-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தில் டன்கெல்டு என்ற ஊரின் பக்கம் ஒரு லண்டன் பணக்காரர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அந்த வீட்டுக்கு ஒரு நெட்டையான மனிதர் வந்தார்.

அவர் பெயர் சார்லஸ் மெக்கின்டாஷ். அந்த வட்டாரத்தில் பல ஆண்டுகள் நடந்தே தபால் கொடுத்தவர். மரம் அறுக்கும் ஆலையில் ஒரு கையின் விரல்களைப் பறிகொடுத்தவர். தபால் பையோடு நடந்த வழியெல்லாம் செடி, பாசி, காளான் என்று பார்த்துப் பார்த்துத் தாமாகவே கற்றுக்கொண்டவர்.

அவரைப் பார்க்க ஒரு பெண் ஆவலோடு காத்திருந்தார். வயது 26. அவரிடம் ஒரு கட்டு படங்கள் இருந்தன. எல்லாம் காளான் படங்கள்!

அந்தப் பெண்தான் பீட்ரிக்ஸ் பாட்டர். பிற்காலத்தில் 'பீட்டர் முயல்' கதை எழுதி உலகப் புகழ் பெற்றவர்.

பள்ளிக்கூடம் போகாதவர்

பீட்ரிக்ஸ் 1866-ல் லண்டனில் பிறந்தார். வீட்டுக்கே ஆசிரியை வந்து பாடம் சொன்னார். முயலும் எலியும்தான் தோழர்கள். கோடை விடுமுறை வந்தால் போதும், காட்டுக்குள் போய்விடுவார்.

மரத்தடியில் முளைத்த காளான்களின் நிறமும் அழகும் அவரை மயக்கின. பார்த்தபடியே வரைந்தார். ஆனால் அழகாக வரைந்தால் மட்டும் போதாது என்று தபால்காரர் எடுத்துச் சொன்னார்.

காளானுக்கு மேல்குடை மட்டும் அடையாளம் அல்ல. குடையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் உள்ள மெல்லிய தகடுகள் காம்போடு எப்படி ஒட்டியிருக்கின்றன? காம்பின் உள்ளே கூடா, கெட்டியா? குறுக்கே வெட்டி அதையும் வரைய வேண்டும். எந்த மரத்தில் முளைத்தது என்பதும் முக்கியம். சில காளான்கள் பட்ட மரத்தில்தான் வரும். சில, உயிருள்ள மரத்தின் வேரோடு உறவு வைத்துக்கொண்டு பக்கத்தில் முளைக்கும்.

இது வீண் வேலை அல்ல. ஒரு காளான் கறிக்கு ஆகும். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் இன்னொன்று ஆளைக் கொல்லும்!

அன்று முதல் தபால்காரர் காளான்களைத் தபாலில் அனுப்புவார். பீட்ரிக்ஸ் படம் வரைந்து அவருக்கு அனுப்புவார். தபால்காரர் பெயர் சொல்லுவார். இப்படியே ஆண்டுகள் ஓடின. 1893-ல், 'காட்டுக் கிழவன்' என்று அழைக்கப்படும் அபூர்வக் காளான் பீட்ரிக்சுக்கே கிடைத்தது. கறுத்த செதில்கள் நிறைந்த குடை அதற்கு.

மூடிய கதவு

காளான் எப்படி முளைக்கிறது? குடைக்கடியிலிருந்து உதிரும் நுண்ணிய பொடிதான் அதற்கு விதை மாதிரி. அந்தப் பொடியைப் பீட்ரிக்ஸ் கண்ணாடித் துண்டில் முளைக்க வைத்தார். பூதக்கண்ணாடிக் கருவியில் பல நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்து வரைந்தார்.

பெரிய விஞ்ஞானியான மாமா சர் ஹென்றி ராஸ்கோ, அவரை லண்டனில் உள்ள க்யூ தாவரத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த பெரியவர்கள் இந்தப் பெண்ணை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. பீட்ரிக்ஸ் விடவில்லை. தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதினார்.

1897 ஏப்ரல் 1-ந்தேதி அந்தக் கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. எழுதியவர் அந்த மண்டபத்தில் இல்லை. காரணம், பெண்களுக்கு அங்கே அனுமதி கிடையாது! வேறொருவர்தான் அவருக்காகக் கொடுத்தார். கட்டுரை அச்சாகவில்லை. பீட்ரிக்ஸ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு அது எங்கே போனதோ, இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தச் சங்கம் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1904-ல்தான். பீட்ரிக்சுக்கு உரிய மதிப்புக் கொடுக்கவில்லை என்று அது ஒப்புக்கொள்ள 1997 ஆயிற்று. முழுதாக நூறு ஆண்டுகள்!

முயல் வந்தது

காளான் கிடைத்த அதே 1893-ல், நோயில் படுத்திருந்த ஒரு சிறுவனுக்கு ஆறுதலாகப் பீட்ரிக்ஸ் ஒரு கடிதம் எழுதினார். அதில் படம் போட்டு ஒரு முயல் கதை சொல்லியிருந்தார். அதுதான் 1902-ல் புத்தகமாக வந்து அமோகமாக விற்றது. கிடைத்த பணத்தில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பண்ணை வாங்கினார். 47-வது வயதில் திருமணம் செய்து, ஆடு வளர்த்து, அங்கேயே வாழ்ந்தார்.

1943 டிசம்பர் 22-ந்தேதி காலமானார். 4 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நாட்டுக்காக ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். காளான் படங்களை ஆம்பிள்சைடு ஊரில் உள்ள ஒரு நூல்நிலையத்துக்குக் கொடுத்தார்.

1967-ல் காளான்களை இனம் காண உதவும் ஒரு புத்தகம் இங்கிலாந்தில் வெளிவந்தது. எழுதியவர் ஒரு காளான் நிபுணர். உள்ளே இருந்த படங்களில் 59 பீட்ரிக்ஸ் வரைந்தவை. முயல் கதையை வெளியிட்ட அதே கம்பெனிதான் இந்தப் புத்தகத்தையும் வெளியிட்டது.